மரமாக நிற்றல்: பள்ளிக்கூட நடனத்துக்குள் 'இயற்கை' நுழைந்த கதை

1

ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் இருபது முப்பது பேர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு கூடத்தில் நிற்கிறார்கள். 'இப்போது நீங்கள் எல்லோரும் மரம். வேர் கீழே போகிறது. காற்று வருகிறது' என்கிறார் ஆசிரியை. பிள்ளைகள் கையைத் தூக்கி அசைகிறார்கள். அரைமணி நேரம் கழித்து அதே கூடத்தில் ஜாஸ் இசை ஒலிக்கிறது. தோளை மட்டும் தனியாக அசை, இடுப்பை மட்டும் தனியாக அசை, இரண்டு தாள அடிக்கு நடுவில் காலை வை என்கிறார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்கையை வைத்துச் சமகால நடனமும் ஜாஸ் நடனமும் சொல்லித்தருகிற வகுப்பு ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும் காட்சிதான். இதில் போய் என்ன அரசியல் வேண்டிக்கிடக்கிறது என்று யாரும் கேட்கலாம்.

எனக்கு உறுத்துவது அந்த ஒரு சொல்தான்: இயற்கை. குழந்தையின் உடம்பு இயற்கையானது, அதை அப்படியே விட்டால் போதும், தானாக ஆடும் என்கிற நம்பிக்கை இந்த வகுப்புகளின் அடியில் கிடக்கிறது. ஆனால் எந்த உடம்பை இயற்கைக்குத் திரும்பச் சொன்னார்கள், எந்த உடம்பை ஏற்கெனவே இயற்கையாகவே இருக்கிறது என்று ஒதுக்கினார்கள் என்று பார்த்தால், கடந்த நூறு ஆண்டுகளின் இனவாத வரலாறே அந்தக் கூடத்தின் தரையில் விரிந்துவிடுகிறது. மரமாக நிற்பதும் தோளை அசைப்பதும் இன்று ஒரே பாடவேளையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வந்த வழி மட்டும் ஒன்றில்லை.

2

முதல் வழி இசடோரா டங்கனிடமிருந்து தொடங்குகிறது. 1877இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். அசைவு பற்றிய தன் முதல் எண்ணம் கடல் அலையிலிருந்து வந்தது என்று தன்வரலாற்றில் எழுதியவர். பாலே நடனத்தின் விறைத்த ஷூவையும் இறுக்கிக் கட்டிய இடுப்புக்கச்சையையும் வீசிவிட்டு வெறுங்காலோடு ஆடினார். 1903இல் பெர்லினில் 'எதிர்கால நடனம்' என்று ஒரு சொற்பொழிவு. அடுத்த ஆண்டே அந்நகரின் கிரூனெவால்ட் பகுதியில் ஏழைக் குடும்பத்துச் சிறுமிகளுக்குக் கட்டணமில்லாத தங்கிப் படிக்கும் பள்ளி. மேகம் எப்படிப் போகிறது, இலை எப்படி ஆடுகிறது, பறவை எப்படி எழும்புகிறது என்று கவனித்து, அதிலிருந்து பிள்ளைகள் ஆடக் கற்க வேண்டும் என்பது அவருடைய கல்வி முறை. 1921இல் சோவியத் அரசின் கல்வி ஆணையர் லூனாசார்ஸ்கியின் அழைப்பில் மாஸ்கோ போய் அங்கும் ஒரு பள்ளி தொடங்கினார். பெண்ணுடல் பற்றிய விக்டோரியா காலத்து ஒழுக்கத்தை உடைத்த பெரிய கலகக்காரி என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் கிரூனெவால்ட் பள்ளியின் சுவர்களில் இருந்தவை கிரேக்க உருவங்களும் இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்துக் குழந்தைச் சிற்பங்களும். மேகத்தையும் இலையையும் கவனிக்கச் சொன்ன பள்ளியில், அழகான உடம்பு எது என்பதற்கான மாதிரி முன்கூட்டியே சுவரில் மாட்டப்பட்டிருந்தது. டங்கன் போற்றிய விஞ்ஞானி எர்ன்ஸ்ட் ஹெக்கெல். பரிணாமக் கொள்கையை ஜெர்மனியில் பரப்பியவர், மனித இனங்களை மேல்கீழ் என்று அடுக்கியவரும் அவரே. டங்கன் இறந்த 1927இல் வெளிவந்த தன்வரலாற்றில், அமெரிக்கா ஆடுவதாகத் தான் காணும் கனவைச் சொல்கிறபோது, அந்த நடனத்தில் ஜாஸுக்கு இடமே கிடையாது என்கிறார். இடுப்புக்குக் கீழே ஆடும் அந்தத் தாளம் காட்டுமிராண்டித்தனத்தின் வெளிப்பாடாம்.

அலை இயற்கை, இடுப்பு காட்டுமிராண்டி. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

3

டங்கன் ஒரு தனிப்பிறவி. பள்ளிக்கூடங்களுக்கு ஒரு முறையாகவே இதைக் கொண்டுவந்து சேர்த்தவர் ருடால்ஃப் லாபன். ஹங்கேரியில் 1879இல் பிறந்தவர். 1913இல் சுவிட்சர்லாந்தின் அஸ்கோனாவில், மோன்டே வெரிட்டா என்கிற குன்றின்மேல், கோடைகால நடனப்பள்ளி நடத்தினார். மரக்கறி உணவுக்காரர்கள், அராஜகவாதிகள், சூரியக் குளியல்காரர்கள், தொழில்நகரத்தை வெறுத்து ஓடிவந்தவர்கள் எல்லாம் கூடிய இடம் அது. புல்வெளியில் ஆடினார்கள். பின்னர் 1920களில் ஜெர்மனியில் லாபன் உருவாக்கியது 'அசைவுக் கூட்டிசை' எனலாம்: தொழில்முறை ஆட்டக்காரர்கள் இல்லாமல் சாதாரண ஆட்கள் பெருங்கூட்டமாகச் சேர்ந்து அசைவது. தொழிற்சங்கத்தவர்களும் இதை ஆடினார்கள்.

இயற்கை, கூட்டு, விடுதலை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! 1933இல் நாஜிகள் வந்தார்கள். லாபன் அப்போது பெர்லின் அரசு இசைநாடக அரங்கின் பாலே இயக்குநர். அந்த ஆண்டு ஜூலையிலேயே அங்கே அவர் பொறுப்பில் இருந்த குழந்தைகள் வகுப்பிலிருந்து 'ஆரியரல்லாத' பிள்ளைகள் நீக்கப்பட்டார்கள். 1990களில் லிலியன் கரீனாவும் மரியன் கான்ட்டும் ஆவணக்கிடங்குகளைக் கிளறி இந்தக் காலத்து நடன உலகத்தின் கதையை வெளியே கொண்டுவரும்வரை, நடன வரலாற்று நூல்கள் பலவும் லாபனை வெறும் பலியாளாகவே காட்டிவந்தன. 1934இலிருந்து அரசின் நடன நிறுவனத்துக்குத் தலைமை வகித்தார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி ஆயிரம் பேர் அளவில் ஆடும் ஒரு படைப்பைத் தயாரித்தார். தலைப்பைப் பாருங்கள்: 'பனி உருக்கும் காற்றும் புதிய மகிழ்ச்சியும்'. ஒத்திகையைப் பார்த்த கோயபல்ஸுக்குப் பிடிக்கவில்லை, தடை செய்துவிட்டான். அதன்பின் லாபன் வீழ்ந்தார். 1937இல் பாரிஸுக்குப் போய், 1938இல் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்.

அவர் நாஜியா, பலியாளா என்று தீர்ப்பு எழுதுவது என் வேலை இல்லை. நான் கவனிப்பது வேறு. 'காற்று', 'மண்', 'கூட்டு உடல்' என்கிற இதே சொற்களை அஸ்கோனாவின் அராஜகவாதியும் பேச முடிந்தது, பெர்லினின் அதிகாரியும் பேச முடிந்தது. இயற்கை என்கிற சொல்லுக்குத் தனக்கென்று ஒரு அரசியல் கிடையாது. யார் அந்தக் கூடத்துக்குள் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது என்று பதிவேட்டில் எழுதுகிறவர்தான் அதற்கு அரசியல் தருகிறார். நீக்கப்பட்ட அந்தப் பிள்ளைகளும் முந்தின வாரம்வரை மற்றவர்களோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள்தானே?

4

இங்கிலாந்தில் லாபன் தங்கிய டார்ட்டிங்டன் ஹாலுக்கு ஒரு இந்தியத் தொடர்பு உண்டு. அதை நடத்திய லியோனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், தாகூரோடு ஸ்ரீநிகேதனில் கிராம மறுசீரமைப்பு வேலை செய்துவிட்டுப் போனவர். உதய்சங்கரின் குழுவும் 1930களில் அங்கே தங்கியிருக்கிறது. போர்க்காலத்தில் லாபன் தொழிற்சாலைகளுக்குப் போய், பாரம் தூக்கும் பெண் தொழிலாளிகளின் அசைவுகளை ஆராய்ந்தார். எப்படி வீசித் தூக்கினால் உடம்பு நோகாது என்று பார்த்த அந்த ஆராய்ச்சியிலிருந்து (உற்பத்தி கூடும் என்பதும் அதில் உண்டு) எடை, நேரம், வெளி, ஓட்டம் என்கிற நான்கு கூறுகளை வைத்து எல்லா அசைவையும் விவரிக்கும் முறை உருவாகியது. 1948இல் 'நவீன கல்வி நடனம்' என்கிற அவரது நூல் வந்தது.

பள்ளிக்கூடத்தில் இதற்குமுன் என்ன இருந்தது? ட்ரில். 1909ஆம் ஆண்டின் அரசுப் பாடத்திட்டப்படி வரிசையில் நின்று, கட்டளைக்குக் கட்டளை கைகால் நீட்டும் சுவீடன் முறைப் பயிற்சி. ஃபூக்கோ சொல்லும் 'பணிவான உடல்' தயாராவது இங்கேதான். இதை உடைத்தவர்கள் பெரும்பாலும் பெண் ஆசிரியைகள். நிலக்கரிச் சுரங்கமும் நூற்பாலையும் நிறைந்த யார்க்‌ஷயரின் மேற்கு ரைடிங் பகுதியில் பின்னாளில் பணியாற்றிய டயானா ஜோர்டன் என்கிற ஆசிரியை 1930களிலேயே நடனத்தைக் கல்வியாகப் பார்த்து எழுதினார்; போருக்குப் பின் அப்பகுதிக் கல்வி அதிகாரி அலெக் கிளெக் இதற்கெல்லாம் ஆதரவாக இருந்தார். பி.பி.சி. வானொலி 'இசையும் அசைவும்' என்று பள்ளிகளுக்கு நிகழ்ச்சி ஒலிபரப்பியது. 1952இல் கல்வி அமைச்சே 'அசைதலும் வளர்தலும்' என்று படங்களோடு ஆசிரியர் கையேடு போட்டது. சுரங்கத் தொழிலாளியின் மகன் வெறுங்காலோடு கூடத்தில் நின்று, தானே ஒரு அசைவைக் கண்டுபிடிக்கலாம், அதை யாரும் தப்பு என்று சொல்லமாட்டார்கள் என்பது சாதாரண விஷயமில்லை.

இந்த முறையில் நல்ல வகுப்பு எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மோசமான வகுப்பில் 'நீ இலை, விழு' என்பார்கள். பிள்ளை பொத்தென்று விழும், எல்லாம் முடிந்துவிடும். நல்ல ஆசிரியை முதலில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவார். காய்ந்த இலையைக் கையில் கொடுப்பார். மேலேயிருந்து விட்டுப் பார்க்கச் சொல்வார். நேராக விழுகிறதா, சுழல்கிறதா, நடுவில் ஒரு கணம் தயங்குகிறதா? பார்த்ததைச் சொல்லச் சொல்வார். பிள்ளைகள் தருவது வினைச்சொற்கள்: மிதக்குது, திரும்புது, சறுக்குது, நின்னுடுச்சு. கூடத்துக்குத் திரும்பியபின் இலையைப் பற்றிய பேச்சே இருக்காது. மிதப்பது என்றால் எடை குறைவு, நேரம் நீளம், பாதை வளைவு. அதை முழங்கையால் செய்ய முடியுமா? முதுகால்? ஒருவர் மிதக்க, பக்கத்தில் இருப்பவர் சட்டென்று நிற்க முடியுமா? கடைசியில் பிள்ளை செய்வது இலையைப் போன்ற பாவனை அல்ல. இலையிடமிருந்து கற்றுக்கொண்ட ஒரு அசைவுத் தர்க்கம். உண்மையில் லாபனின் நூல் வலியுறுத்துவதும் இதைத்தான். 'மரமாக நில்' என்பது பின்னால் வந்த சோம்பேறித்தனம். அது ஆங்கிலேயர்களிடையே ஒரு கேலிப்பேச்சாகவே ஆகிப்போனது.

1950கள் 60களில் உடற்கல்வித் துறைக்குள் அறிவியல் பேசும் ஆண்கள், அளக்க முடியாத இந்தப் 'பெண்கள் சமாச்சாரத்தை' எதிர்த்தார்கள். 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பின் வந்த தேசியப் பாடத்திட்டத்தில் நடனம் தனிப்பாடமாகவே இல்லை, உடற்கல்வியின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டது. இழப்புத்தான்.

5

இனி இரண்டாவது வழி. இது பள்ளிக்கூடத்தின் முன்வாசல் வழியாக வந்ததில்லை.

1739இல் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில், அடிமைகள் கலகம் செய்தார்கள். முரசு அடித்துக்கொண்டு அணிவகுத்துப் போனார்கள். கலகம் நசுக்கப்பட்டது. மறு ஆண்டு வந்த அடிமைச் சட்டம் முரசையும் கொம்பையும் தடைசெய்தது. முரசைப் பறித்தால் என்ன? மார்பும் தொடையும் கன்னமும் இருக்கின்றனவே. உடம்பையே தட்டித் தாளம் போடும் 'ஜூபா' அமெரிக்கத் தோட்டங்களில் பரவியது. கை ஒரு தாளம், கால் இன்னொரு தாளம். ஜாஸ் நடனத்தில் உடம்பின் பகுதிகள் தனித்தனியாகப் பேசுவதற்கும், எதிர்பாராத இடத்தில் அடி விழுவதற்கும் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அது உயிர்தப்பிக் கிடந்தது இந்த மாதிரி இடங்களில்.

இதிலும் இயற்கை உண்டு. ஜார்ஜியா மாநிலக் கடலோரத் தீவுகளில் கறுப்பின மக்கள் ஆடிய ஒரு நடனம், பிணந்தின்னிக் கழுகின் தாவல். நடுவில் ஒரு கைக்குட்டை கிடக்கும். அது செத்த மாடு. ஆடுகிறவர் சிறகை விரித்துச் சுற்றிச்சுற்றி வந்து, குனிந்து அதைக் கொத்தி எடுக்க வேண்டும். கூடவே பாடும் பாட்டில், தன் உடம்பை எந்த வயலில் எறிந்தாலும் சரி என்கிற குரல் இருக்கிறது. புதைக்க மண் மறுக்கப்பட்ட அடிமையின் குரல். இதைக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அத்தீவுகளில் ஒன்றான செயின்ட் சைமன்ஸில் வாழ்ந்த பாடகி பெஸ்ஸி ஜோன்ஸ், பெஸ் லோமாக்ஸ் ஹாஸ் என்பவரோடு சேர்ந்து 1972இல் வெளியிட்ட நூலில் கைதட்டு விளையாட்டு, வட்ட விளையாட்டு, விலங்கு ஆட்டம் என்று ஒரு முழுப் பாடத்திட்டமே இருக்கிறது. டங்கனுக்கும் லாபனுக்கும் வெகுகாலம் முன்பே, இயற்கையைப் பார்த்துக் குழந்தைகள் ஆடிக் கற்ற ஒரு கல்விமுறை. அதைக் கல்வி என்று யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கழுகுக்கும் கிரூனெவால்ட்டின் மேகத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. மேகத்துக்கு வரலாறு கிடையாது. கழுகுக்கு உண்டு. அது எதைத் தின்கிறது என்பது ஆடும் குழந்தைக்குத் தெரியும்.

1910ஐ ஒட்டி வான்கோழி நடை, கரடி ஆட்டம் என்று விலங்குப் பெயர் கொண்ட நடனங்கள் கறுப்பர் ஆட்டக் கூடங்களிலிருந்து வெள்ளையர் நகரங்களுக்குள் புகுந்து பெரிய மோகமாயின. ஒழுக்கக் காவலர்கள் பதறினார்கள். வெர்னான், ஐரீன் கேஸில் தம்பதியர் 1914இல் எழுதிய நடனக் கையேடு அந்த விலங்கு ஆட்டங்களையெல்லாம் கைவிடச் சொல்லி, தோளையும் இடுப்பையும் ஆட்டாதே என்று அறிவுரை தந்தது. அவர்களுக்கு வாசித்த இசைக்குழுத் தலைவர் ஜேம்ஸ் ரீஸ் யூரப் ஒரு கறுப்பர் என்பதுதான் வேடிக்கை. தாளம் வேண்டும், இடுப்பு வேண்டாம்.

6

இங்கேதான் இயற்கை என்கிற சொல் தன் முழுத் தந்திரத்தையும் காட்டுகிறது. வெள்ளைக் குழந்தை இயற்கையை நோக்கிப் *போக வேண்டும்*. அதற்குப் பள்ளி, ஆசிரியை, முறை, நூல் எல்லாம் வேண்டும். கறுப்புக் குழந்தையோ ஏற்கெனவே இயற்கையாக *இருக்கிறது*. 'அவங்களுக்குத் தாளம் ரத்தத்திலேயே இருக்கு.' பாராட்டு மாதிரி ஒலிக்கிறது. ஆனால் தாத்தா பாட்டி தெருவிலும் முற்றத்திலும் வருடக்கணக்கில் உழைத்துச் சொல்லிக்கொடுத்த கல்வியை ஒரே சொல்லில் அழித்துவிடுகிறது. ரத்தத்தில் இருப்பதற்கு ஆசிரியர் எதற்கு, சம்பளம் எதற்கு, பட்டம் எதற்கு?

நமக்கு இது புதுசா என்ன? 'பறை அவங்க ரத்தத்தில் ஊறினது' என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

இந்தப் பொய்யை ஆய்வாலேயே எதிர்த்த இரண்டு பெண்கள் உண்டு. கேதரின் டன்ஹாம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்தவர். 1935-36இல் ஜமைக்கா, ஹெய்ட்டி உள்ளிட்ட கரீபியத் தீவுகளில் களப்பணி செய்து, அந்த நடனங்கள் கற்றுப் பயின்று கைமாற்றப்படும் அமைப்புகள் என்று காட்டி, அதிலிருந்து ஒரு பயிற்சி முறையையே உருவாக்கினார். 1967இல் ஈஸ்ட் செயின்ட் லூயி என்கிற வறுமைப்பட்ட கறுப்பர் நகரத்தில் மையம் தொடங்கி, தெருப்பிள்ளைகளுக்குத் தாளமும் நடனமும் வரலாறும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்.

இன்னொருவர் பேர்ல் ப்ரைமஸ். உயிரியல் பட்டதாரி. 1943இல் நியூயார்க்கில் அவர் ஆடிய தனிநடனங்களில் ஒன்று 'விசித்திரக் கனி'. கறுப்பர்களை வெள்ளைக் கும்பல்கள் அடித்துக்கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமை பற்றிய கவிதையை வைத்து ஆடப்பட்டது. அந்த நடனத்திலும் மரம் வருகிறது. ஒரு கூடத்தில் 'எல்லோரும் மரம்' என்று சொல்கிறபோது, ஒரு குழந்தையின் பாட்டிக்கு மரம் என்றால் நிழல்; பக்கத்துக் குழந்தையின் பாட்டிக்கு மரம் என்றால் அது.

லாபனின் நூல் வந்த அதே 1948இல்தான் கரீபியத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் இங்கிலாந்து வந்தது. அவ்வாறு வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளில் சேர்ந்தபோது நடந்ததை 1971இல் பெர்னார்ட் கோர்ட் ஒரு சிறுநூலில் அம்பலப்படுத்தினார். கரீபியப் பிள்ளைகளைக் கூட்டங்கூட்டமாக 'கல்வியில் பின்தங்கியவர்கள்' என்று முத்திரை குத்திச் சிறப்புப் பள்ளிகளுக்குத் தள்ளினார்கள். கணக்கில் மட்டம், தாளத்தில் கெட்டி. இரண்டுமே 'இயற்கை'யாம்!

7

ஜாஸ் நடனம் பாடமுறையாகி வகுப்பறைக்குள் வந்ததிலும் ஒரு கதை இருக்கிறது, அதில் நமக்கும் பங்கு உண்டு. மேடை ஜாஸ் நடனத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஜாக் கோல் ஒரு வெள்ளை அமெரிக்கர். பரதநாட்டியம் கற்று, 1930களின் கடைசியில் நியூயார்க் இரவு விடுதிகளில் பரத அடவுகளை ஸ்விங் இசைக்கு ஆடியவர். கீழே தாழ்ந்த முழங்கால், தனியாக நகரும் கழுத்து, கூர்மையாக வெட்டும் கை என்று அவர் முறையில் தெரிபவற்றில் ஹார்லெமும் இருக்கிறது, அரைமண்டியும் இருக்கிறது. இன்று எங்கோ ஒரு ஆங்கிலப் பள்ளியில் ஜாஸ் பயிலும் எட்டு வயதுப் பிள்ளை தன்னை அறியாமல் தஞ்சாவூர்த் தெருவொன்றின் எச்சத்தை முழங்காலில் சுமக்கிறது. அந்தத் தெருவில் ஆடிய பெண்களோ, 1947ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிய காலத்தில் மேடையிலிருந்து இறக்கப்பட்டார்கள். அங்கே இடுப்பு வெட்டப்பட்டது மாதிரி இங்கே சிருங்காரம் வெட்டப்பட்டது. நடனம் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய வேண்டுமானால், அதைச் செய்தவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டும் என்பது கடல் தாண்டியும் மாறாத விதியோ?

8

அதனால் இந்த வகுப்பையே மூடிவிடுங்கள் என்று சொல்கிறேனா? இல்லை. ட்ரில்லுக்குத் திரும்புவதைவிட, மரமாக நிற்பது ஆயிரம் மடங்கு மேல். நான் கேட்பது, இலையைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்ன அதே நேர்மையோடு ஜாஸையும் பார்க்கச் சொல்லுங்கள் என்பதுதான். இலை ஏன் சுழல்கிறது என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு, இந்த அடி ஏன் தாளத்துக்கு நடுவில் விழுகிறது என்று கேட்கவும் தெரியும். முரசைப் பறித்துக்கொண்டார்கள், அதனால் தொடையில் தட்டினார்கள் என்று சொன்னால் ஏழு வயதுக்குப் புரியாதா? நன்றாகவே புரியும். தன் கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கியவர்களைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

கைக்குட்டையைத் தரையில் போட்டு, கழுகாக ஒருமுறை சுற்றி வரட்டும். செத்துக்கிடப்பது யார் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். பதில் சொல்ல அந்த ஆசிரியை தயாராக இருக்க வேண்டும். தயாராக இல்லையென்றால் மரமாக நிற்கச் சொல்லவும் அவருக்கு உரிமையில்லை.